வேண்டிய அளவு வேகம்

காலை ஏழு மணி. பெருவிரைவு ரயில் நிலையத்தில் மாணவர்களும் வேலைக்குச் செல்வோரும் வரிசையில் காத்திருக்கின்றனர். ரயில் வந்து நிற்கிறது. கதவுகள் திறந்து மூடுகின்றன. ரயில் புறப்படும்போது அதன் அடிப்பகுதியிலிருந்து 'ஊ...' என்று மெல்லிய ஒலி ஒன்று எழுகிறது. வேகம் கூடக் கூட அந்த ஒலியின் சுருதியும் மாறிக்கொண்டே போகிறது. கைப்பேசியில் மூழ்கியிருக்கும் பயணிகளில் பெரும்பாலோர் அதைக் கவனிப்பதில்லை. ஆனால், நூற்றுக்கணக்கான பயணிகளைச் சுமந்திருக்கும் அந்தக் கனமான ரயில், நின்றுகொண்டிருப்பவர் தடுமாறி விழாத அளவுக்கு மென்மையாகப் புறப்படுவது எப்படி? அந்த ஒலிக்கும் இந்தக் கேள்விக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

இதே கேள்வியை வேறு இடங்களிலும் கேட்கலாம். அடுக்குமாடிக் கட்டடத்தின் மின்தூக்கி மெல்லப் புறப்பட்டு, வேகமெடுத்து, பின்பு மெல்ல வேகம் குறைந்து, தளத்துக்குச் சரியாக நிற்கிறது. சக்கர நாற்காலியில் இருப்பவரும் ஊன்றுகோலுடன் நடக்கும் முதியவரும் தடையின்றி வெளியே வருகின்றனர். வீட்டில் உள்ள குளிர்சாதனம் அறை குளிர்ந்தபின் நின்றுவிடாமல், சத்தத்தைக் குறைத்துக்கொண்டு மெதுவாக ஓடுகிறது. இம்மூன்றிலும் மின்மோட்டார்கள் உள்ளன. அந்த மோட்டார்களுக்கு முன்னால், கண்ணில் படாத ஒரு கருவியும் உள்ளது. அதன் பெயர் மாறு அதிர்வெண் இயக்கி. தொழிற்சாலைகளில் அதனை 'விஎஃப்டி' என்றும் 'இன்வெர்ட்டர்' என்றும் அழைப்பார்கள். மோட்டார் எவ்வளவு வேகத்தில் சுழல வேண்டும் என்பதை முடிவு செய்வது இந்தக் கருவியே.

இக்கருவியின் பணியைப் புரிந்துகொள்ள, இது இல்லாதபோது ஒரு மோட்டார் எப்படிச் சுழல்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும்.

ஓடாத விளக்குகள், ஓடும் ஒளி

தீபாவளிக் காலத்தில் லிட்டில் இந்தியா வண்ண விளக்குகளால் ஒளிர்கிறது. அவ்வாறான அலங்காரங்கள் சிலவற்றில், வட்டமாக அமைக்கப்பட்ட விளக்குகளைச் சுற்றி ஒளி ஓடுவதுபோல் தோன்றும். உண்மையில் எந்த விளக்கும் இடம் மாறுவதில்லை. ஒரு விளக்கு அணையும் நேரத்தில் அடுத்தது எரிகிறது. அது அணையும் நேரத்தில் அதற்கு அடுத்தது எரிகிறது. இந்த வரிசையால்தான் ஒளி ஓடுவதாகக் கண்ணுக்குத் தெரிகிறது.

தொழிற்சாலைகளில் பரவலாகப் பயன்படும் தூண்டல் மோட்டாருக்குள்ளும் இதைப் போன்ற ஒன்றே நிகழ்கிறது. அதன் வெளிப்பகுதி அசையாமல் நிற்கும். அதில் செப்புக் கம்பிச் சுருள்கள் வட்டமாக அமைந்திருக்கும். இப்பகுதிக்கு நிலையகம் என்று பெயர். அதனுள்ளே சுழலக்கூடிய உருளை ஒன்று இருக்கும். அது சுழலகம் எனப்படும். மும்முனை மின்சாரம் நிலையகத்தின் சுருள்களுக்குள் பாயும்போது, ஒவ்வொரு தொகுதிச் சுருளும் சிறு கால இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகக் காந்தமாகிறது. விளக்குகளின் ஒளி ஓடுவதுபோல், இங்கே காந்தப்புலம் வட்டமாகச் சுழல்கிறது. அசையாத சுருள்களிலிருந்து சுழலும் காந்தப்புலம் பிறக்கிறது.

அந்தக் காந்தப்புலம் உள்ளேயிருக்கும் சுழலகத்தைக் கடந்து செல்லும்போது, சுழலகத்தின் உலோகக் கம்பிகளில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. அதனால் சுழலகமும் ஒரு காந்தமாக மாறி, சுழலும் புலத்தைத் துரத்திக்கொண்டு ஓடத் தொடங்குகிறது. சுழலகத்துக்குத் தனியாக மின்கம்பி இணைப்பு எதுவும் தேவையில்லை. உராய்ந்து தேயும் பகுதிகளும் குறைவு. அதனால்தான் இவ்வகை மோட்டார்கள் பல ஆண்டுகள் உழைக்கின்றன.

சுழலும் காந்தப்புலம் என்னும் இந்தக் கருத்தை இத்தாலிய அறிவியலாளர் கலிலியோ ஃபெராரிஸ் 1885ஆம் ஆண்டிலேயே செய்து பார்த்தார். அவரை அறியாமல் தனியாக ஆராய்ந்த நிக்கோலா டெஸ்லா, 1888ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இவ்வகை மோட்டாருக்குக் காப்புரிமை பெற்றார்.

ஒரே தாளத்தில் கட்டுண்ட மோட்டார்

கோலாட்டம் ஆடுவோரின் வேகத்தைத் தீர்மானிப்பது யார்? மேளம் வாசிப்பவரே. மேளம் விரைந்தால் ஆட்டம் விரையும். மேளம் தணிந்தால் ஆட்டமும் தணியும். தூண்டல் மோட்டாருக்கும் ஒரு தாளம் உண்டு. அதுவே மின்சாரத்தின் அதிர்வெண்.

வீடுகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் வரும் மின்சாரம் மாறுதிசை மின்னோட்டமாகும். அது ஒரு திசையில் பாய்ந்து, தணிந்து, எதிர்த்திசையில் பாய்ந்து, மீண்டும் பழைய நிலைக்கு வரும். இது ஒரு சுற்று. ஒரு விநாடியில் எத்தனை சுற்றுகள் நிகழ்கின்றனவோ அதுவே அதிர்வெண். அதனை ஹெர்ட்ஸ் என்னும் அலகால் அளக்கிறார்கள். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்றுகள், அதாவது 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்டது. அமெரிக்காவில் அது 60 ஹெர்ட்ஸ்.

காந்தப்புலம் எவ்வளவு வேகமாகச் சுழலும் என்பதை இரண்டு செய்திகள் முடிவு செய்கின்றன. ஒன்று, மின்சாரத்தின் அதிர்வெண். மற்றொன்று, சுருள்கள் உருவாக்கும் காந்த முனைகளின் எண்ணிக்கை. அதிர்வெண்ணை 120ஆல் பெருக்கி, முனைகளின் எண்ணிக்கையால் வகுத்தால், நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்னும் விடை கிடைக்கும். நான்கு முனைகள் கொண்ட மோட்டாருக்கு 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் கொடுத்தால், காந்தப்புலம் நிமிடத்துக்கு 1,500 முறை சுழலும். இரண்டு முனைகள் என்றால் 3,000 முறை. ஆறு முனைகள் என்றால் 1,000 முறை.

சுழலகம் மட்டும் இந்த வேகத்தை முழுமையாக எட்டுவதில்லை. காந்தப்புலத்தின் வேகத்திலேயே சுழலகமும் ஓடினால், புலம் அதனைக் கடந்து செல்லாது, மின்னோட்டம் தூண்டப்படாது, சுழற்றும் விசையும் இருக்காது. ஆகவே, அது எப்போதும் சற்றுப் பின்தங்கியே ஓடும். 1,500 சுற்று வேகப் புலத்தில் மோட்டார் ஏறத்தாழ 1,450 சுற்று வேகத்தில் ஓடுவது வழக்கம்.

இதில்தான் சிக்கல் பிறக்கிறது. மோட்டாரைச் செய்து முடித்தபின் அதன் முனைகளின் எண்ணிக்கையை எளிதில் மாற்ற முடியாது. மின்நிலையத்திலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணையும் பயனாளர் மாற்ற முடியாது. எனவே, வேலை அதிகமாக இருந்தாலும் குறைவாக இருந்தாலும், மோட்டார் அதே வேகத்தில்தான் ஓடும். அது உழைப்பில் சளைக்காது. ஆனால், அளவறிந்து உழைக்கத் தெரியாது.

வீணாகும் உழைப்பு

வேகத்தை மாற்ற முடியாத நிலையில், மக்கள் வேறு வழிகளைக் கையாண்டனர். உயரமான கட்டடம் ஒன்றில் நீரேற்றும் பம்பு ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பகலில் பலரும் வேலைக்குச் சென்றுவிடுவதால் நீரின் தேவை குறைகிறது. பம்பின் வேகத்தைக் குறைக்க வழியில்லை. ஆகவே, குழாயில் உள்ள அடைப்பிதழைப் பாதியளவு மூடி நீரைக் கட்டுப்படுத்துவார்கள். காற்றோட்ட விசிறிகளிலும் இதே நிலைதான். விசிறி முழு வேகத்தில் சுழலும்; காற்றுச் செல்லும் பாதையில் ஒரு தகடு குறுக்கே நின்று காற்றைத் தடுக்கும்.

மகிழுந்து ஓட்டும் ஒருவர், முடுக்கியை முழுவதும் மிதித்துக்கொண்டு, நிறுத்துவிசையால் மட்டுமே வேகத்தைக் குறைத்தால் எப்படியிருக்கும்? எரிபொருள் வீணாகும், வாகனமும் தேயும். அடைப்பிதழை மூடி நீரைக் கட்டுப்படுத்துவதும் ஏறத்தாழ அத்தகைய செயலே.

மோட்டாரைத் தொடங்குவதிலும் ஒரு தொல்லை இருந்தது. நின்றுகொண்டிருக்கும் மோட்டாரை நேரடியாக மின்சாரத்தோடு இணைத்தால், அது முதற்சில விநாடிகளுக்கு வழக்கமான மின்னோட்டத்தைப்போல் ஆறு மடங்கு வரை இழுக்கக்கூடும். அந்நேரத்தில் அருகிலுள்ள விளக்குகள் ஒரு கணம் மங்குவதும் உண்டு. இயந்திரத்தின் பட்டைகளும் பற்சக்கரங்களும் அதிர்ச்சிக்கு உள்ளாகும்.

அதனால், வேகத்தை அடிக்கடி மாற்ற வேண்டிய இடங்களில் நெடுங்காலம் வேறு வகை மோட்டார்களே பயன்பட்டன. அவை நேர்திசை மின்னோட்டத்தில் இயங்குபவை. அவற்றின் வேகத்தை மாற்றுவது எளிது. சிங்கப்பூரின் பெருவிரைவு ரயில் 1987ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் சேவையைத் தொடங்கியபோது, முதல் தலைமுறை ரயில்களில் இருந்தவை இத்தகைய மோட்டார்களே. ஆனால், அவற்றின் சுழலும் பகுதிக்கு மின்சாரத்தைக் கொண்டு செல்லும் கரித்துண்டுகள் உராய்ந்து தேயும். அவற்றை அவ்வப்போது மாற்ற வேண்டும். உறுதியான தூண்டல் மோட்டாரின் வேகத்தை மாற்ற வழி கிடைத்தால் இந்தத் தொல்லை தீரும் அல்லவா?

புதிய மின்னலையை உருவாக்கும் கருவி

மின்நிலையத்தின் தாளத்தை மாற்ற முடியாவிட்டால், மோட்டாருக்காகப் புதிய தாளம் ஒன்றை உருவாக்கலாம். மாறு அதிர்வெண் இயக்கி செய்வது இதைத்தான். அதன் பணி மூன்று படிகளில் நடைபெறுகிறது.

முதல் படியில், இயக்கி தனக்கு வரும் மாறுதிசை மின்னோட்டத்தை நேர்திசை மின்னோட்டமாக மாற்றுகிறது. மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் செல்லவிடும் டையோடுகள் இப்பணியைச் செய்கின்றன. இங்கே 50 ஹெர்ட்ஸ் என்னும் பழைய தாளம் மறைந்துபோகிறது.

இரண்டாம் படியில், அந்த மின்சாரம் மின்தேக்கிகளில் தேக்கப்படுகிறது. ஏற்ற இறக்கத்தோடு வரும் ஆற்று நீரைக் குளம் தேக்கி அமைதிப்படுத்துவதுபோல், மின்தேக்கிகள் மின்னழுத்தத்தைச் சீராக்குகின்றன. 400 வோல்ட் மும்முனை மின்சாரம் இவ்வாறு மாற்றப்படும்போது, ஏறத்தாழ 550 வோல்ட் நேர்திசை மின்னழுத்தம் கிடைக்கும்.

மூன்றாம் படியே மிக முக்கியமானது. குளத்து நீரை மதகுகள் திறந்து மூடி வயலுக்கு அனுப்புவதுபோல், ஆறு மின்னணுச் சாவிகள் தேக்கிய மின்சாரத்தைத் துண்டு துண்டாக மோட்டாருக்கு அனுப்புகின்றன. இவை விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை திறந்து மூடக்கூடியவை. சாவிகள் சற்று அதிக நேரம் திறந்திருந்தால், மோட்டாருக்குக் கிடைக்கும் சராசரி மின்னழுத்தம் கூடும். குறைந்த நேரமே திறந்திருந்தால் அது குறையும். திறக்கும் நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டியும் குறைத்தும், பின்பு திசையை மாற்றியும், இயக்கி ஒரு புதிய மின்னலையை வடிவமைக்கிறது. மோட்டாரின் சுருள்கள் இந்தத் துண்டுகளைத் தனித்தனியாக உணர்வதில்லை. அவற்றில் பாயும் மின்னோட்டம் உடனுக்குடன் ஏறி இறங்காது. ஆதலால், அது ஏறக்குறைய வழவழப்பான அலையாகவே அமைகிறது.

இந்தப் புதிய அலையின் அதிர்வெண் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை இயக்கியில் உள்ள நுண்செயலி முடிவு செய்கிறது. அது 10 ஹெர்ட்ஸாக இருக்கலாம். 35 ஹெர்ட்ஸாக இருக்கலாம். 60 ஹெர்ட்ஸாகவும் இருக்கலாம். முன்பு கண்ட நான்கு முனை மோட்டாருக்கு 25 ஹெர்ட்ஸ் அலையை அளித்தால், அதன் காந்தப்புலம் நிமிடத்துக்கு 750 முறை மட்டுமே சுழலும். பற்சக்கரம் எதையும் மாற்றாமல், அடைப்பிதழ் எதையும் மூடாமல், வேகம் பாதியாகக் குறைந்துவிடுகிறது.

சிங்கப்பூரின் வடக்கு-தெற்கு ரயில் பாதையில், தண்டவாளத்துக்கு அருகே செல்லும் மூன்றாவது தடம் 750 வோல்ட் நேர்திசை மின்சாரத்தையே வழங்குகிறது. ஆகவே, பாதையிலிருந்து கிடைக்கும் மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்ப மாற்ற, ரயிலில் முதல் படி தேவைப்படுவதில்லை. வீட்டுக் குளிர்சாதனத்திலோ மூன்று படிகளும் உண்டு.

அழுத்தமும் அதிர்வெண்ணும்

அதிர்வெண்ணை மட்டும் மாற்றினால் போதுமா? போதாது. அதனோடு மின்னழுத்தத்தையும் மாற்ற வேண்டும்.

குழாயில் நீர் ஒரே அழுத்தத்தில் வருகிறது. வாளியை அதன்கீழ் ஐந்து விநாடி வைத்தால் அது நிரம்புகிறது. பத்து விநாடி வைத்தால் நிரம்பி வழிகிறது. மோட்டாரின் இரும்பு உடலும் அந்த வாளியைப் போன்றதே. அதனால் ஓர் எல்லை வரைதான் காந்தப்புலத்தைத் தாங்க முடியும். அதிர்வெண் குறையும்போது அலையின் ஒவ்வொரு சுற்றும் நீள்கிறது. மின்னழுத்தம் அப்படியே இருந்தால், நீண்ட நேரத்தில் காந்தப்புலம் எல்லையைக் கடக்கிறது. அப்போது சுருள்களில் தேவைக்கு மேல் மின்னோட்டம் பாய்ந்து மோட்டார் சூடேறும், எரிந்துபோகவும் கூடும்.

இதைத் தவிர்க்க, இயக்கி இரண்டையும் ஒரே விகிதத்தில் குறைக்கிறது. 50 ஹெர்ட்ஸுக்கு 400 வோல்ட் என்றால், ஒரு ஹெர்ட்ஸுக்கு 8 வோல்ட் ஆகிறது. எனவே, 25 ஹெர்ட்ஸில் 200 வோல்ட், 10 ஹெர்ட்ஸில் 80 வோல்ட் என இயக்கி அளிக்கும். இதனால் வேகம் குறைந்தாலும் மோட்டாரின் சுழற்றும் விசை குறையாமல் இருக்கும். மின்தூக்கி மெதுவாக நகரும்போதும் பாரத்தை உறுதியாகத் தாங்குவதற்கு இதுவே அடிப்படை.

50 ஹெர்ட்ஸுக்கு மேலும் அதிர்வெண்ணைக் கூட்டலாம். ஆனால், அதற்கேற்ப மின்னழுத்தத்தைக் கூட்ட முடியாது. வந்து சேரும் மின்சாரத்தைவிட அதிக அழுத்தத்தை இயக்கியால் அளிக்க இயலாது. ஆகவே, அந்த எல்லைக்கு மேல் வேகம் கூடக் கூடச் சுழற்றும் விசை குறையும்.

தொடக்கத் தொல்லையும் இதனால் தீர்கிறது. மோட்டாரைத் தொடங்கும்போது இயக்கி மிகக் குறைந்த அதிர்வெண்ணையும் குறைந்த மின்னழுத்தத்தையும் அளித்து, பின்பு இரண்டையும் படிப்படியாகக் கூட்டுகிறது. ரயில் குலுங்காமல் புறப்படுவதன் காரணம் இதுவே.

ரயிலின் குரல்

அப்படியானால், ரயில் எழுப்பும் அந்த ஒலி எங்கிருந்து வருகிறது? மின்னணுச் சாவிகள் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் மோட்டாரின் சுருள்களும் இரும்புத் தகடுகளும் மிக நுண்ணிய அளவில் அதிர்கின்றன. அந்த அதிர்வே காதில் ஒலியாக விழுகிறது. இயக்கி அலையின் வடிவத்தை மாற்றும்போதெல்லாம் ஒலியின் சுருதியும் மாறுகிறது.

ஜப்பானில் கெய்க்யூ நிறுவனம் 1998ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்திய ரயில்களில், ஜெர்மனியின் சீமென்ஸ் நிறுவனத்து இயக்கிகள் பொருத்தப்பட்டிருந்தன. சாவிகள் திறந்து மூடும் வேகம் இசையின் சுர வரிசையைப் போல் படிப்படியாக ஏறும்படி அவை அமைக்கப்பட்டிருந்தன. ஆகவே, ரயில் புறப்படும்போது சுரம் பாடுவதுபோல் கேட்டது. புதிய இயக்கிகள் அவற்றின் இடத்தைப் பிடித்ததால், அவ்வாறு 'பாடும்' ரயில்களின் குரல் 2021ஆம் ஆண்டோடு ஓய்ந்தது.

வேகம் சிறிது குறைந்தால்

இக்கருவியால் கிடைக்கும் பெரும் நன்மை மின்சேமிப்பே. உலகில் பயன்படும் மின்சாரத்தில் ஏறத்தாழப் பாதியை மின்மோட்டார்களே பயன்படுத்துகின்றன. ஆகவே, மோட்டார்கள் வீணாக்கும் மின்சாரம் சிறிய செய்தியன்று. சிங்கப்பூரில் மின்சாரத்தின் மிகப் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவை எரித்தே உற்பத்தி செய்யப்படுகிறது. அந்த எரிவாயு வெளிநாடுகளிலிருந்து வருகிறது. வீணாகும் ஒவ்வோர் அலகு மின்சாரத்துக்கும் எங்கோ ஓர் அளவு எரிவாயு எரிக்கப்பட்டு, கரியமில வாயு காற்றில் கலக்கிறது.

விசிறி, பம்பு போன்றவற்றில் ஒரு வியப்பான விதி செயல்படுகிறது. அவற்றுக்குத் தேவைப்படும் மின்திறன், வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுகிறது. வேகம் 80 விழுக்காடாகக் குறைந்தால், காற்றின் அளவும் 80 விழுக்காடாகவே குறையும். ஆனால், தேவைப்படும் மின்திறன் 0.8 × 0.8 × 0.8 என்ற கணக்கின்படி 51 விழுக்காடாகக் குறைந்துவிடும். வேகம் பாதியானால் மின்திறன் எட்டில் ஒரு பங்காகும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காணலாம். ஒரு கட்டடத்தின் காற்றோட்ட விசிறி 10 கிலோவாட் மின்திறனில் பத்து மணி நேரம் ஓடினால், 100 கிலோவாட்-மணி மின்சாரம் செலவாகும். அன்று 80 விழுக்காடு காற்றே போதும் என்று வேகத்தைக் குறைத்தால், கணக்கின்படி ஏறத்தாழ 51 கிலோவாட்-மணியே செலவாகும். இயக்கியும் சிறிதளவு மின்சாரத்தை வெப்பமாக இழப்பதால், நடைமுறையில் செலவு சற்றுக் கூடுதலாக இருக்கும். ஆயினும் சேமிப்பு பெரிதே.

வீட்டுக் குளிர்சாதனத்திலும் இந்த மாற்றம் நிகழ்ந்துள்ளது. பழைய வகைக் குளிர்சாதனத்தின் அமுக்கி, முழு வேகத்தில் ஓடும். அறை குளிர்ந்ததும் நின்றுவிடும். சூடேறியதும் மறுபடியும் முழு வேகத்தில் தொடங்கும். ஜப்பானின் தோஷிபா நிறுவனம் 1980ஆம் ஆண்டில் வணிகக் கட்டடங்களுக்கும், 1981ஆம் ஆண்டில் வீடுகளுக்கும் வேகம் மாறும் இன்வெர்ட்டர் குளிர்சாதனத்தை அறிமுகப்படுத்தியது. இன்று அவை சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பரவலாக உள்ளன. அவற்றுள் பலவற்றில் நிலைக்காந்தம் பொருத்திய வேறு வகை மோட்டார் இருந்தாலும், அதிர்வெண்ணை மாற்றி வேகத்தை மாற்றும் கொள்கை ஒன்றே.

மின்சார ரயிலில் இன்னொரு வகைச் சேமிப்பும் உண்டு. ரயிலை நிறுத்த வேண்டியபோது, இயக்கி தன் அதிர்வெண்ணைக் குறைத்து, காந்தப்புலத்தைச் சுழலகத்தைவிட மெதுவாகச் சுழலவிடுகிறது. உடனே மோட்டார் மின்னாக்கியாக மாறிவிடுகிறது. ஓடும் ரயிலின் ஆற்றல் மின்சாரமாகத் திரும்பிப் பாதைக்குச் செல்கிறது. அருகே புறப்படும் மற்றொரு ரயில் அதனைப் பயன்படுத்திக்கொள்ளும். ஒரு ரயில் நிற்பது, இன்னொரு ரயில் புறப்பட உதவுகிறது.

ஒரு சிறிய சாவியும் ஒரு பொறியாளரும்

விரைவாகத் திறந்து மூடும் மின்னணுச் சாவி இல்லாமல் இவை எவையும் இன்றைய அளவுக்குப் பரவியிருக்கா. இச்சாவிகளுள் பெரிதும் பயன்படுவது ஐஜிபிடி எனப்படும் குறைகடத்திக் கருவியாகும். பெரிய மின்னோட்டத்தைத் தாங்கும் வலிமையும், சிறிய சமிக்ஞையால் விரைவாகத் திறந்து மூடும் திறனும் அதில் ஒருசேர அமைந்துள்ளன.

1980களின் தொடக்கத்தில் இக்கருவியை உருவாக்கிப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர் ஜெயந்த் பாலிகா. சென்னையில் 1948ஆம் ஆண்டு பிறந்த அவர், சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1969ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். பின்னர் அமெரிக்கா சென்று, ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றியபோது இந்த ஆராய்ச்சியில் ஈடுபட்டார். மின்சாரத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்த உதவிய இப்பணிக்காக அவருக்கு 2024ஆம் ஆண்டின் மில்லேனியம் தொழில்நுட்பப் பரிசு வழங்கப்பட்டது. விரல் நகத்தின் அளவேயுள்ள சில்லு ஒன்று, கனமான ரயிலின் ஓட்டத்தையே ஆள்வது வியப்புக்குரியது.

அறிந்து கையாள வேண்டிய கருவி

எந்தக் கருவியும் எல்லா இடத்துக்கும் பொருந்திவிடாது. நாள் முழுவதும் ஒரே வேகத்தில், முழுப் பாரத்துடன் ஓட வேண்டிய மோட்டாருக்கு இயக்கியைப் பொருத்தினால் மின்சேமிப்பு கிடைக்காது. மும்மடி விதியும் விசிறிகளுக்கும் பம்புகளுக்கும் உரியது. மின்தூக்கிக்கும் பொருள்களைச் சுமந்து செல்லும் பட்டைகளுக்கும் அது பொருந்தாது. நீரை மிக உயரத்துக்கு ஏற்றும் பம்பின் வேகத்தையும் ஓர் அளவுக்குமேல் குறைக்க முடியாது. குறைத்தால் நீர் மேலே சென்று சேராது.

பல மோட்டார்களின் அச்சிலேயே அவற்றைக் குளிர்விக்கும் சிறு விசிறி பொருத்தப்பட்டிருக்கும். மோட்டார் மிக மெதுவாகச் சுழன்றால் அந்த விசிறியும் மெதுவாகவே சுழலும். அப்போது பாரம் அதிகமாக இருந்தால் மோட்டார் சூடேறும். அத்தகைய இடங்களில் தனி விசிறி ஒன்று தேவைப்படும்.

பாதுகாப்பு இவை எல்லாவற்றினும் முக்கியமானது. மின்சாரத்தை நிறுத்திய பின்னரும் இயக்கியின் மின்தேக்கிகளில் உயிரைப் பறிக்கும் அளவுக்கு மின்னழுத்தம் சில நிமிடங்கள் தேங்கியிருக்கும். மதகை மூடியதும் குளம் வற்றிவிடுவதில்லை அல்லவா? அதனால், பயிற்சி பெற்ற தொழில்நுட்பர்கள்கூடக் குறிப்பிட்ட நேரம் காத்திருந்து, அளந்து பார்த்த பின்னரே மூடியைத் திறக்கின்றனர். மற்றவர்கள் அதனைத் திறக்கவே கூடாது.

ரயில் அடுத்த நிலையத்தை நெருங்குகிறது. ஒலியின் சுருதி மெல்ல இறங்குகிறது. நின்றுகொண்டிருந்த முதியவர் ஒருவர் கம்பியை விட்டு, கதவை நோக்கி நிதானமாக நடக்கிறார். அவர் தடுமாறவில்லை. அவர் காலடியில் இருக்கும் கருவி அந்நேரத்தில் எவ்வளவு விசை வேண்டுமோ அவ்வளவை மட்டுமே மோட்டாருக்கு அளித்துக்கொண்டிருக்கிறது. வலிமை மிக்க இயந்திரங்களை மனிதன் நூறாண்டுகளுக்கு முன்பே உருவாக்கிவிட்டான். அந்த வலிமையைத் தேவைக்கேற்ப அளந்து பயன்படுத்தும் வழி, அதன் பிறகே அவனுக்குக் கைவந்தது.